அமெரிக்கால அம்மாவ வீட்லயே வெச்சு பாத்துக்கணும்: ஏஜென்சி ஆளா, மருமகளுக்கே சம்பளமா, டே கேரா, பேஸா?

"மெடிக்கெய்ட் அப்ரூவ் ஆயிடுச்சு, நாலு ஆப்ஷன் சொல்றாங்க, எத எடுக்கறதுன்னே தெரியல"ன்னு கேக்கறவங்க இப்ப ரொம்ப ஜாஸ்தி. மெடிக்கெய்டுங்கறது வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான கவர்மென்ட் மருத்துவத் திட்டம். நாலு ஆப்ஷன்னா, ஏஜென்சி அனுப்பற ஆள், நம்மளே ஆள் வெச்சு குடும்பத்துக்கே சம்பளம், பகல்ல மட்டும் போய் வர்ற அடல்ட் டே கேர், டாக்டர்ல இருந்து வேன் வரைக்கும் ஒரே அமைப்பு பாத்துக்கற பேஸ். 90கள்லயும் 2000த்துக்கு அப்புறமும் ஐடி வேலைக்கு வந்தவங்க சிட்டிசன் ஆனாங்க, ஊர்ல தனியா இருந்த அம்மாவ கிரீன் கார்டு போட்டு கூட்டிட்டு வந்தாங்க, இப்ப அந்த அம்மாவுக்கு 80 தாண்டிடுச்சு, பாத்ரூம் போக ஒரு கை வேணும், மகன் மருமக ரெண்டு பேரும் காலைல லாப்டாப் தூக்கிட்டு கெளம்பிடறாங்க. நர்ஸிங் ஹோம்ல விட மனசு இல்ல. அதுல செமி பிரைவேட் ரூமுக்கே வருஷம் ஒரு லட்சம் டாலருக்கு மேல ஆகுது, கையில இருந்து கட்டவும் முடியாது.

எங்கிட்ட கேக்கறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது "எதுல பணம் ஜாஸ்தி தருவாங்க". நான் திருப்பி கேக்கறது ஒண்ணு தான்: செவ்வாக்கெழம காலைல 8 மணிக்கு வர வேண்டிய ஆள் வரல, அன்னிக்கு யாரு லீவு போடுவீங்க? இதுக்கு பதில் தெரிஞ்சா பாதி முடிவு எடுத்த மாதிரி தான்.

மொதல்ல உள்ள போக முடியுமா

மெடிகேரையும் மெடிக்கெய்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க. மெடிகேர்ங்கறது 65க்கு மேல வர்ற ஹெல்த் இன்ஷூரன்ஸ். ஆஸ்பத்திரில மூணு நாள் அட்மிட் ஆகி வந்தா அதுக்கப்புறம் ஸ்கில்டு நர்ஸிங் விடுதில 100 நாள் வரைக்கும் தாங்கும், அதுலயும் மொத 20 நாளுக்கு தான் முழுசா. தெனமும் குளிப்பாட்டி விட, சாப்பாடு ஊட்ட, டயாபர் மாத்த மாசக்கணக்குல ஆள் அனுப்பறது மெடிகேரோட வேலையே இல்ல. அது மெடிக்கெய்டு, ஃபெடரலும் ஸ்டேட்டும் சேந்து பணம் போட்டு நடத்தறது, அதனால ஸ்டேட்டுக்கு ஸ்டேட் பேரும் மாறும் ரூலும் மாறும்.

விசிட்டர் விசால வந்த பெற்றோருக்கு இதுல எதுவும் கெடையாது. கிரீன் கார்டு வந்தாலும் பொதுவா 5 வருஷம் காத்திருக்கணும், அது 1996 சட்டம். அந்த 5 வருஷம் முடிஞ்சாலும் அம்மாவ கூட்டிட்டு வர நீங்க கையெழுத்து போட்ட ஐ-864ங்கற ஸ்பான்சர் உறுதிப் பத்திரம் இருக்கு பாருங்க, அத வெச்சு ஸ்பான்சரோட வருமானத்தையும் அம்மா கணக்குல சேக்க சட்டத்துல எடம் இருக்கு, அம்மா சிட்டிசன் ஆகற வரைக்கும். அதனால நெறைய குடும்பத்துக்கு நெஜமான வாசல் சிட்டிசன்ஷிப் தான். அதுக்கு இங்கிலீஷ் பரீட்ச இருக்கு, கிரீன் கார்டோட 15, 20 வருஷம் இருந்த பெரியவங்களுக்கு தான் வயச பாத்து இங்கிலீஷ்ல இருந்து விலக்கு, 75 வயசுல வந்தவங்களுக்கு அது ஒதவாது. மறதி நோய் மாதிரி மெடிக்கல் காரணம் இருந்தா டாக்டர் எழுதித் தர்ற என்-648 ஃபார்ம் வழியா விலக்கு கேக்கலாம். இத முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க.

வருமானம், சேமிப்பு ரெண்டுக்கும் வரம்பு உண்டு. நெறைய ஸ்டேட்ல வெய்வர் திட்டத்துக்கு (நர்ஸிங் ஹோமுக்கு பதிலா வீட்லயே வெச்சு பாக்க மெடிக்கெய்ட் தர்ற விதிவிலக்கு) மாச வருமானம் 2026ல 2,982 டாலர், கையிருப்பு வெறும் 2,000 டாலர். கலிஃபோர்னியால 2024ல கையிருப்பு வரம்பையே தூக்கினாங்க, 2026 ஜனவரில இருந்து 1,30,000 டாலர்னு திரும்ப கொண்டு வந்துட்டாங்க. நியூயார்க்ல 30 ஆயிரத்துக்கு மேல. இன்னொண்ணு, நர்ஸிங் ஹோம்ல சேக்கற அளவுக்கு ஒடம்பு முடியலன்னு அசெஸ்மென்ட்ல வரணும், வெய்வருக்கும் பேஸுக்கும் அது கட்டாயம்.

இந்த வெய்வர்ங்கற விஷயமே ஒரு தமாஷ். 1965ல மெடிக்கெய்ட் வந்தப்போ நர்ஸிங் ஹோம் செலவ கட்டாயமா ஏத்துக்கணும்னு எழுதிட்டாங்க, வீட்ல வெச்சு பாக்கறத ஸ்டேட் இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க. 1981ல அயோவால கேட்டி பெக்கெட்னு ஒரு கொழந்த, வெண்டிலேட்டர்ல இருந்தவ, ஆஸ்பத்திரில இருந்தா கவர்மென்ட் பணம் கட்டும் வீட்டுக்கு போனா கட்டாதுங்கற நெலம, செலவு வீட்ல தான் கம்மி. அப்ப பிரசிடென்ட்டா இருந்த ரீகனே அத பிரஸ் மீட்ல எடுத்து பேசினாரு, அந்த வருஷமே வீட்டுச் சேவைக்கு விதிவிலக்கு குடுக்கற சட்டம் வந்துச்சு. 1999ல ஓம்ஸ்டெட் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் வீட்ல இருக்க முடிஞ்சவங்கள காரணமில்லாம விடுதில அடைச்சு வெக்கறது பாரபட்சம்னு சொல்லிடுச்சு. ஆனாலும் அடிப்படை மாறல. நர்ஸிங் ஹோம்னா தகுதி இருந்தா உரிமை, வீடுன்னா எடம் இருந்தா தான். அதனால தான் நாடு முழுக்க வெய்வர் வெய்ட்டிங் லிஸ்ட்ல லட்சக்கணக்குல பேர் நிக்கறாங்க, டெக்ஸாஸ்ல அதுக்கு இன்ட்ரெஸ்ட் லிஸ்ட்னே பேரு. இன்னிக்கு தேவப்படலேன்னாலும் பேர குடுத்து வெக்கலாம்.

எத வெச்சு எடை போடணும்

நாலு ஆப்ஷனையும் நான் அஞ்சு கேள்வி வெச்சு தான் பாப்பேன்.

- வாரத்துக்கு எத்தன மணி நேரம், அதுல ராத்திரி வருமா
- ஆள் வரலேன்னா பொறுப்பு யாரோடது
- அம்மாவோட பாஷை, சாப்பாடு, கூச்சம் (முன்ன பின்ன தெரியாதவங்க குளிப்பாட்ட விடுவாங்களா)
- பாத்துக்கறவங்களோட வேலை, விசா, வருமானம் என்ன ஆகுது
- அம்மா ஊருக்கு போய்ட்டு வரணும்னா என்ன ஆகும், அவங்க காலத்துக்கு அப்புறம் சொத்து என்ன ஆகும்

கடைசி கேள்விய யாரும் கேக்கறதே இல்ல.

1. ஏஜென்சி அனுப்பற எய்ட்

வழக்கமான வழி இது. ஸ்டேட்டோ மேனேஜ்டு கேர் பிளானோ (ஸ்டேட்டுக்காக மெடிக்கெய்ட நடத்தற இன்ஷூரன்ஸ் பிளான்) மணி நேரத்த அப்ரூவ் பண்ணும், ஏஜென்சி எய்ட், அதாவது வீட்டுக்கு வந்து பாத்துக்கற ஆள் அனுப்பும், குளிக்க வெக்கறது, டிரெஸ் மாத்தறது, நடக்க வெக்கறது, லேசா சமையல், அம்மாவோட துணி மட்டும் துவைக்கறது. நியூஜெர்சில பர்சனல் கேர் வாரத்துக்கு பொதுவா 40 மணி நேரம் தான் உச்சம், எல்லாருக்கும் அந்த 40ம் கெடைக்காது. ஆள் வந்ததும் போன்ல ஆப்ல கிளாக் இன் பண்ணணும், 2016 சட்டத்துல வந்த எலக்ட்ரானிக் விசிட் வெரிஃபிகேஷன், எப்ப வந்தாங்க, எப்ப போனாங்க, எந்த எடத்துல வேலை பாத்தாங்க எல்லாம் பதிவாகும்.

நல்லது என்னன்னா, சம்பளம், டாக்ஸ், பேக்ரவுண்ட் செக், ட்ரெய்னிங் எல்லாம் அவங்க தலைவலி. ஆள் வரலேன்னா மாத்து ஆள் அனுப்பறதும் பேப்பர்ல அவங்க பொறுப்பு தான். பேப்பர்லன்னு ஏன் சொல்றேன்னா இந்த வேலைக்கு நாட்டுலயே சராசரி சம்பளம் மணிக்கு 17 டாலர் பக்கம் தான், அமேசான் வேர்ஹவுஸ்ல அதுக்கு மேல தர்றாங்க, அதனால நல்ல ஆள் ஒரு எடத்துல நிக்க மாட்டாங்க. ஸ்னோ கொட்டற அன்னிக்கும் ஞாயித்துக்கெழம காலைலயும் ஏஜென்சிக்கு போன் போட்டு பாருங்க, தெரியும்.

மருந்து விஷயத்துல உஷாரா இருங்க. மாத்திரைய ஞாபகப்படுத்தலாம், பாட்டில தொறந்து குடுக்கலாம், ஆனா இன்சுலின் ஊசி போடறதுன்னா பல ஸ்டேட்ல எய்ட் தொட முடியாது, நர்ஸ் வேணும். இத கேக்காம விட்டு கடைசில மதியம் ஊசி போடறதுக்கே ஒருத்தர் ஆபீஸ்ல இருந்து ஓடி வர்ற வீடுங்க இருக்கு.

அப்புறம் பாஷை. நியூஜெர்சில எடிசன், பிளெயின்ஸ்பரோ பக்கம் குஜராத்தி, ஹிந்தி பேசற எய்ட் கெடைப்பாங்க, தமிழ் பேசற எய்ட் கெடச்சா அது அதிர்ஷ்டம். டிமென்ஷியா வந்தவங்களுக்கு பின்னாடி கத்துக்கிட்ட இங்கிலீஷ் மொதல்ல போய்டுது, தமிழ் மட்டும் நிக்குது, அப்ப இது சின்ன விஷயம் இல்ல.

அம்மாவுக்கு பகல்ல சில மணி நேரம் ஒதவி போதும், வீட்ல யாராவது ஒருத்தர் ஒர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்காங்க, குடும்பத்துல யாரும் வேலைய விட தயாரா இல்ல, இப்படி இருந்தா இது சரி.

2. நம்மளே ஆள் வெச்சுக்கறது

இதுக்கு செல்ஃப் டைரக்ஷன்னு பேரு. கலிஃபோர்னியால ஐஎச்எஸ்எஸ், நியூயார்க்ல சிடிபாப், நியூஜெர்சில பர்சனல் ப்ரிஃபரன்ஸ் ப்ரோக்ராம், டெக்ஸாஸ்ல சிடிஎஸ். ஏஜென்சிக்கு போற மணி நேரத்த நம்ம கைல குடுத்து, யார வேணும்னாலும் வேலைக்கு வெச்சுக்க சொல்றாங்க. 90களோட கடைசில ஆர்கன்ஸா, ஃப்ளோரிடா, நியூஜெர்சி மூணு ஸ்டேட்ல பாதி பேருக்கு ஏஜென்சி, பாதி பேருக்கு இந்த மொறன்னு குலுக்கிப் போட்டு சோதன பண்ணி பாத்தாங்க, இந்த மொறைல இருந்தவங்க தான் திருப்தியா இருந்தாங்க, தேவைங்க விட்டுப்போறதும் கம்மியா இருந்துச்சு. எனக்கு அதுல ஆச்சரியம் இல்ல, தெரிஞ்ச கை தானே தொடுது.

யார வெச்சுக்கலாம்னா, மகன், மகள், மருமகளுக்கு பெரும்பாலும் அனுமதி உண்டு. கணவன் மனைவி விஷயத்துல தான் ஸ்டேட் மாறும், கலிஃபோர்னியால மனைவிய கணவனே சம்பளத்துக்கு பாத்துக்கலாம், நியூயார்க்ல கூடாது. ஐஎச்எஸ்எஸ்ல ரொம்ப முடியாதவங்களுக்கு மாசம் 283 மணி நேரம் வரைக்கும் போகும். அதே வீட்ல கூட இருந்து பாத்துக்கறவங்களுக்கு இந்த சம்பளத்துக்கு ஃபெடரல் இன்கம் டாக்ஸ் கெடையாது, ஐஆர்எஸ் நோட்டீஸ் 2014-7ன்னு அக்கவுன்டன்ட் கிட்ட சொன்னா அவருக்கு புரியும், சொல்லலேன்னா நெறைய பேருக்கு அது தோணறதே இல்ல.

இவ்வளவு நல்லா இருக்கே அப்புறம் என்னங்கறீங்களா. மொதல்ல விசா. ஒரு வீட்ட எடுத்துக்கங்க, அம்மாவ ஸ்பான்சர் பண்ண மூத்த மகன் சிட்டிசன், அதுல பிரச்சன இல்ல. ஆனா அம்மா இருக்கறது டல்லாஸ்ல ரெண்டாவது மகன் வீட்ல, அவரு எச்-1பி வேலை விசா, மனைவி அதோட சேந்து வர்ற எச்-4. அந்த மருமக கைல வேலை பாக்கற அனுமதி, அதாவது ஈஏடி, இல்லாம இந்த சம்பளத்துல ஒரு டாலர் கூட வாங்கக்கூடாது, எச்-1பி மகனும் கூடாது ஏன்னா அவரு விசா எந்த கம்பெனிக்கு குடுத்தாங்களோ அங்க மட்டும் தான் வேலை பாக்க முடியும். கவர்மென்ட் பணம் தானே, வீட்டு வேலை தானேன்னு இதுல வெளையாடினா கிரீன் கார்டு அப்ளிகேஷன்ல போய் நிக்கும்.

ரெண்டாவது வேலைய விடற கணக்கு. மணிக்கு 20 டாலர் வாரத்துக்கு 40 மணி நேரம்னு வெச்சுக்கங்க, வருஷத்துக்கு 41,600. அதுல ஹெல்த் இன்ஷூரன்ஸ் பொதுவா இல்ல, 401கே மேட்ச் (ரிடையர்மென்ட் சேமிப்புக்கு கம்பெனி போடற பங்கு) இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப ஐடிக்கு போகணும்னா ரெஸ்யூமேல ஒரு பெரிய கேப். அம்மா ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா அந்த நாளுக்கு சம்பளம் நிக்கும், மூணு மாசம் மதுரைக்கு போனா அந்த மூணு மாசமும் நிக்கும், ஏன்னா நாட்டுக்கு வெளிய நடக்கற எதுக்கும் மெடிக்கெய்ட் பணம் தராது. அம்மா காலமாயிட்டா அடுத்த வாரமே அந்த வருமானம் ஜீரோ, துக்கத்தோட சேத்து வேலை தேடணும். ஏற்கனவே வீட்ல இருக்கறவங்க, பார்ட் டைம் பாக்கறவங்க, ரிடையர் ஆன அக்கா, இவங்க எடுத்தா இந்த நஷ்டம் எதுவும் பெருசா இல்ல, கெடைக்கறது எல்லாம் லாபம்.

மூணாவது, முதலாளி நீங்க தான். ஆள் வரலேன்னா போன் போட ஏஜென்சி இல்ல. மருமகளுக்கு ஃப்ளூ வந்தா யாருங்கறத இன்னிக்கே முடிவு பண்ணி அந்த ரெண்டாவது ஆளையும் பேப்பர்ல சேத்து வைங்க, பேக்ரவுண்ட் செக் முடியவே வாரக்கணக்கு ஆகும். சம்பளம் போடறது ஃபிஸ்கல் இன்டர்மீடியரின்னு நடுவுல ஒரு நிறுவனம், டைம்ஷீட் தப்பாச்சுன்னா பணம் தள்ளிப்போகும். 2025ல நியூயார்க் நூத்துக்கணக்கான இடைத்தரகர்கள ஒழிச்சு எல்லாத்தையும் ஒரே நிறுவனத்துக்கு மாத்தினப்போ பல பேருக்கு சம்பளம் வராம தவிச்சத பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

நாலாவது வெளிய சொல்லாத விஷயம். "அண்ணிக்கு தான் கவர்மென்ட் சம்பளம் வருதே"ன்னு வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு வார்த்த விழுந்துடும். 40 மணி நேரத்துக்கு தான் சம்பளம், வாரத்துல 168 மணி நேரம் இருக்கு, மீதி 128 யாரு பாக்கறாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. சம்பளம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கூடப் பொறந்தவங்க எல்லாரையும் ஒரு கால்ல போட்டு கணக்க சொல்லிடுங்க.

ஜார்ஜியா மாதிரி சில ஸ்டேட்ல ஸ்ட்ரக்சர்டு ஃபேமிலி கேர்கிவிங்னு இன்னொண்ணு இருக்கு, கூடவே இருந்து பாக்கற குடும்பத்து ஆளுக்கு மணிக்கணக்கு இல்லாம நாளுக்கு இவ்வளவுன்னு ஸ்டைபண்ட், கூட ஒரு கோச். உங்க ஸ்டேட்ல இருக்கான்னு கேளுங்க.

3. அடல்ட் டே கேர்

காலைல வேன் வீட்டு வாசலுக்கு வரும், கூட்டிட்டு போகும், மதியம் கொண்டு வந்து விடும். ஸ்கூலுக்கு அனுப்பற மாதிரியேன்னு பல பேருக்கு மொதல்ல ஒரு சங்கடம். எனக்கு கேட்டா நாலுல ரொம்ப கொறைச்சு மதிப்பு போடற ஆப்ஷன் இது தான். எய்ட் வந்தா அம்மாவுக்கு ஒடம்பு சுத்தமாகும், பேச ஆள் கெடைக்காது. நம்ம வீடுகள்ல பெரியவங்களுக்கு பாதி சீக்கு தனிமை, சப்டிவிஷன் வீட்ல நாள் முழுக்க சன் டிவியும் ஜன்னலும் தான்.

மெடிக்கல் டே கேர்ல நர்ஸ் இருப்பாங்க, பிபி, சுகர் பாப்பாங்க, மாத்திரை குடுப்பாங்க, பிசியோ இருக்கும், மதிய சாப்பாடு உண்டு. நியூஜெர்சில வேன்ல போற நேரம் சேக்காம கொறஞ்சது 5 மணி நேரம் அங்க இருக்கணும்னு ரூல். எடிசன், ஐஸ்லின் பக்கம் இந்தியப் பெரியவங்களுக்குன்னே சென்டர் இருக்கு, சைவ சாப்பாடு, பஜனை, கேரம், நவராத்திரி எல்லாம் உண்டு. ஆனா பெரும்பாலும் குஜராத்தி கூட்டம், ரோட்லி தால் தான் தட்டுல, ரசம் தேடற அம்மாவுக்கு மொத மாசம் கஷ்டம். ரெண்டு தமிழ் பாட்டிங்க அங்க இருந்துட்டா போதும், அப்புறம் லீவு நாள்ல தான் மொணங்குவாங்க. சேக்கறதுக்கு முன்னாடி "தமிழ் பேசறவங்க எத்தன பேர், எந்தக் கெழமைல வர்றாங்க"ன்னு கேட்டு அதே நாளுக்கு போடச் சொல்லுங்க.

மறைஞ்ச செலவு நேரத்துல இருக்கு. 9ல இருந்து 2 வரைக்கும் சென்டர், உங்க ஆபீஸ் 6 வரைக்கும், நடுவுல நாலு மணி நேரம் ஓட்டை. காலைல எட்டரைக்குள்ள குளிக்க வெச்சு புடவை கட்டி வாசல்ல நிறுத்தறதும் வீட்ல இருக்கறவங்க வேலை. ராத்திரி இல்ல, ஞாயிறு இல்ல, ஸ்னோ டே இல்ல. எய்டோட சேத்து வாங்கலாம், ஆனா டே கேர்ல இருக்கற நேரத்த கணக்கு பண்ணி எய்ட் மணி நேரத்த கொறைக்கறது சகஜம். நடமாட்டம் கொஞ்சமாவது இருக்கு, பேச்சு இருக்கு, தனிமை தான் பிரச்சனன்னா இதுல ஆரம்பிங்க, படுத்த படுக்கைக்கு இது ஆகாது.

4. பேஸ்

மத்த மூணும் சேவை, இது மொத்த குத்தகை. 70கள்ல சான் ஃப்ரான்சிஸ்கோ சைனாடவுன்ல ஆன் லாக்னு ஒரு அமைப்பு, எங்க பெரியவங்கள தூரத்துல இருக்கற நர்ஸிங் ஹோமுக்கு அனுப்ப மாட்டோம்னு ஆரம்பிச்ச டே சென்டர்ல இருந்து வளந்தது, 1997ல நாடு முழுக்க நெலையான திட்டமாச்சு. பென்சில்வேனியால இதுக்கு லைஃப்னு பேரு. 55 வயசுக்கு மேல, நர்ஸிங் ஹோம் லெவல் தேவை இருக்கணும், ஆனா ஒதவியோட வீட்ல பத்திரமா இருக்க முடியணும், அவங்க ஏரியாக்குள்ள வீடு இருக்கணும்.

சேந்துட்டா டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி, டே சென்டர், வீட்டுக்கு எய்ட், பல், கண்ணாடி, வேன், கடைசில நர்ஸிங் ஹோமே தேவப்பட்டாலும் அதுவும் அவங்க செலவு. மெடிக்கெய்ட் இருந்தா பிரீமியம் இல்ல. மெடிகேர் மட்டும் இருந்தா மாசா மாசம் நல்ல தொகை கட்டணும். 11 வகை ஆளுங்க சேந்த ஒரு டீம் அம்மாவ பத்தி முடிவெடுக்கும், அதுல வேன் டிரைவரும் ஒருத்தர், போன வாரம் படி ஏறின அம்மா இந்த வாரம் ஏன் தடுமாறினாங்கன்னு மொதல்ல பாக்கறது அவரு தானே. ஆள் வரலேன்னா யாருங்கற கேள்விக்கு நாலுலயும் உருப்படியான பதில் இருக்கறது இங்க தான், ஏன்னா அம்மா விழுந்து ஆஸ்பத்திரிக்கு போனா பில் அவங்களுக்கு.

விலை என்னன்னா சுதந்திரம். பத்து வருஷமா பாக்கற தமிழ் டாக்டர விட்டுடணும், அவங்க டாக்டர் தான். அனுமதி இல்லாம வெளிய ஸ்பெஷலிஸ்ட பாத்தா எமர்ஜென்சி தவிர பில் உங்க தலைல. தனியா பார்ட் டி மருந்து பிளான் எடுத்தா பேஸ்ல இருந்தே பேர் போய்டும். தொடர்ந்து 30 நாளுக்கு மேல ஏரியாவ விட்டு வெளிய இருந்தா, முன்கூட்டி சம்மதம் வாங்கலேன்னா, நீக்கிடலாம், அதனால வருஷா வருஷம் ரெண்டு மாசம் ஊர்ல இருக்கணும்ங்கற அம்மாவுக்கு இது ஒத்து வராது. 30க்கு மேற்பட்ட ஸ்டேட்ல இருக்குன்னாலும் ஸிப் கோட் பொருந்தணும். டெக்ஸாஸ்ல பல வருஷமா எல் பாஸோ, அமரில்லோ, லபக் பக்கம் தான், நம்மாளுங்க இருக்கறது டல்லாஸ், ஹூஸ்டன்.

சுகர், ஹார்ட், கிட்னின்னு நாலஞ்சு வியாதி, வாரம் ரெண்டு அப்பாயின்ட்மென்ட், ஒருத்தர் சம்பளத்துல ஓடற வீடு, ஊருக்கு போற பேச்சே இல்ல. அப்படின்னா ஏரியால பேஸ் இருந்தா யோசிக்காம போய் பாருங்க.

ஒரே பார்வைல

| | ஏஜென்சி எய்ட் | நம்மளே ஆள் | டே கேர் | பேஸ் |
|---|---|---|---|---|
| ஆள் வரலேன்னா | ஏஜென்சி, சொல்லப்போனா நீங்க | நீங்க | வேன் வராத நாள் நீங்க | அவங்க டீம் |
| ராத்திரி | அரிது | சம்பளம் இல்லாம நீங்க | இல்ல | டீம் முடிவு பண்ணா உண்டு |
| தமிழ், சாப்பாடு | அதிர்ஷ்டம் | முழுசா | சென்டர பொறுத்து | சென்டர பொறுத்து |
| பழைய டாக்டர் | தொடரலாம் | தொடரலாம் | தொடரலாம் | மாத்தணும் |
| ஊருக்கு போனா | ஆள் கை மாறிடும் | சம்பளம் நிக்கும் | எடம் போகலாம் | 30 நாள் கணக்கு |
| பெரிய மறைஞ்ச செலவு | திடீர் லீவு | வேலை, விசா | நடு நாலு மணி நேரம் | சுதந்திரம் |

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திக்கறதும் தப்பில்ல. டே கேர்ல ஆரம்பிச்சு, நடை கொறைய கொறைய அதோட எய்ட் சேத்து, அப்புறம் பேஸுக்கோ செல்ஃப் டைரக்ஷனுக்கோ போறது தான் நான் பாத்ததுல நல்லா போற வரிசை. மொத நாளே வேலைய விட்டுட்டு உக்காரறது தான் ஆபத்து.

ஊர்ல இருக்கற வீடு

இங்க சொத்து எதுவும் இல்ல, மகன் வீட்ல தானே இருக்காங்கன்னு அசால்ட்டா இருக்கறவங்க, அம்மா பேர்ல திருச்சில ஒரு வீடு, கிராமத்துல கொஞ்சம் நெலம், எஸ்பிஐல ஒரு எஃப்டி இருக்கறத மறந்துடறாங்க. வெளிநாட்டு சொத்தும் சொத்து தான், விக்க முடியும்னா கணக்குல வரும், ஃபார்ம்ல சொல்லியே ஆகணும். ஊர் பென்ஷனும் வருமானம் தான்.

சரி, பேர மாத்திடலாம்னு நல்ல நாள் பாத்து மகள் பேருக்கு செட்டில்மென்ட் பத்திரம் போட்டுட்டு வந்தா, அடுத்த 60 மாசம் அது கூடவே வரும். நர்ஸிங் ஹோமுக்கோ வெய்வருக்கோ அப்ளை பண்ணும்போது பின்னாடி அஞ்சு வருஷத்த கேப்பாங்க, குடுத்த சொத்தோட மதிப்ப அந்த ஸ்டேட்ல நர்ஸிங் ஹோம் மாசச் செலவால வகுத்து அத்தன மாசம் சேவை கெடையாதுன்னு நிறுத்தி வெப்பாங்க. சாதா பர்சனல் கேருக்கு பொதுவா இந்த கேள்வி இல்ல, ஸ்டேட்ட பாத்துக்கங்க.

அப்புறம் எஸ்டேட் ரெகவரி. 55 வயசுக்கு மேல மெடிக்கெய்ட் நீண்டகால பராமரிப்புக்கு செலவு பண்ணத, அவங்க காலத்துக்கு அப்புறம் அவங்க விட்டுட்டு போன சொத்துல இருந்து வசூல் பண்ண ஸ்டேட் முயற்சி பண்ணணும்னு 1993ல இருந்து ஃபெடரல் சட்டமே இருக்கு. கணவனோ மனைவியோ உயிரோட இருக்கற வரைக்கும் தொட மாட்டாங்க. நெறைய பேருக்கு தெரியாதது, பேஸ்லயும் மேனேஜ்டு கேர்லயும் பிளானுக்கு ஸ்டேட் மாசா மாசம் கட்டின மொத்த தொகையையும் கேக்கலாம், அந்த மாசம் எய்ட் ஒரு நாள் தான் வந்தாங்கன்னாலும்.

இங்கயே அப்பா அம்மா பேர்ல வீடு இருந்தா ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த வீட்லயே ரெண்டு வருஷம் கூட இருந்து, அவங்க நர்ஸிங் ஹோம் போகாம பாத்துக்கிட்ட மகனுக்கோ மகளுக்கோ வீட்ட எழுதிக் குடுத்தா, மேல சொன்ன மாதிரி சேவைய நிறுத்தி வெக்கற தண்டன இல்ல. சட்டத்துல மகன், மகள்னு தான் போட்டிருக்கு, மருமகள்னு இல்ல. நம்ம வீடுகள்ல பாக்கறது யாருன்னு உங்களுக்கே தெரியும். எழுதறதுக்கு முன்னாடி எல்டர் லா வக்கீல் ஒருத்தர பாருங்க, ஒரு மணி நேர ஃபீஸ் தான்.

அசெஸ்மென்ட் நாள்

எந்த ஆப்ஷன் எடுத்தாலும் மணி நேரத்த முடிவு பண்றது வீட்டுக்கு வந்து கேள்வி கேக்கற நர்ஸ் தான். அன்னிக்கு அம்மா விடியக்காலம் எழுந்து, நல்ல புடவை கட்டி, விபூதி வெச்சு, சோஃபால நிமிந்து உக்காந்திருப்பாங்க. தனியா குளிப்பீங்களான்னு கேட்டா "யெஸ் யெஸ்". டாய்லெட் போவீங்களா, "யெஸ்". யாருக்கும் பாரமா இல்லன்னு காட்டணும்ல. போன வாரம் ரெண்டு தடவ விழுந்தது அந்த ரிப்போர்ட்ல வராது, 30 மணி நேரம் கெடைக்க வேண்டிய எடத்துல 12 வரும்.

அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுல எழுதி வைங்க, எத்தன மணிக்கு எழுப்பினோம், எத்தன தடவ டாய்லெட்டுக்கு தூக்கினோம், எப்ப விழுந்தாங்க, ராத்திரி எத்தன தடவ. நர்ஸ் கிட்ட அத குடுங்க. மொழிபெயர்ப்பாளர் இலவசமா கேக்கலாம், அது உரிமை, மகன் மொழிபெயர்க்க உக்காந்தா டயாபர் பத்தி அம்மா வாயே தொறக்க மாட்டாங்க.

மணி நேரத்த கொறைச்சு லெட்டர் வந்தா அத ஃப்ரிட்ஜ் மேல போட்டு வெக்காதீங்க. அதுல எந்த தேதியில இருந்து கொறைக்கறோம்னு இருக்கும், பொதுவா 10 நாள் முன்னாடி தான் அனுப்புவாங்க. அந்த தேதிக்குள்ள ஃபேர் ஹியரிங் (ஸ்டேட் கிட்ட முறையீட்டு விசாரணை) கேட்டு, சேவைய அப்படியே தொடரணும்னும் சேத்து எழுதினா, தீர்ப்பு வர வரைக்கும் பழைய மணி நேரம் ஓடும், தோத்தா அந்த செலவ திருப்பி கேக்க எடம் உண்டுங்கறதையும் தெரிஞ்சுக்கிட்டே கேளுங்க. மேனேஜ்டு கேர் பிளான்னா மொதல்ல பிளானுக்குள்ளயே அப்பீல், அப்புறம் ஸ்டேட். இன்னும் அஞ்சு வருஷம் முடியாத பெற்றோருக்கு, மெடிக்கெய்டே வேணாம், கவுண்டில ஏரியா ஏஜென்சி ஆன் ஏஜிங்னு ஒரு ஆபீஸ் இருக்கும், 60 வயசு ஆனா போதும், சாப்பாடு, பாத்துக்கறவங்களுக்கு ஓய்வு, வேன் இதுக்கெல்லாம் அங்க வருமான வரம்பு இல்ல. எல்டர்கேர் லொக்கேட்டர் 1-800-677-1116ல கூப்பிட்டு உங்க ஸிப் கோட சொல்லுங்க, எந்த ஆபீஸ்னு சொல்லிடுவாங்க.